மூன்று விளக்கும் ஒரு முகமும்

"சித்தி! இதிலே ஸ்கின் கலர் எது?"

சென்ற பொங்கலுக்குத் திருப்பூர் போயிருந்தபோது என் சிநேகிதியின் மகள் என்னைக் கேட்ட கேள்வி இது. ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். மடியில் நாற்பத்தெட்டு வர்ணக் கட்டிகள் அடங்கிய பேஸ்டல் பெட்டி. எதிரே வெள்ளைத் தாள். தாளில் அவள் அம்மாவின் முகம் பென்சிலில் தயாராக இருந்தது. மூக்கு மட்டும் கொஞ்சம் வழி தவறி இடது பக்கம் போயிருந்தது. மற்றபடி குறை சொல்வதற்கில்லை.

பத்திரிகை ஆபீஸில் வேலை பார்க்கிறவளுக்கு எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லிப் பழக்கம். தெரிந்தால் ஒரு வரியில் சொல்லி விடுவோம். தெரியாவிட்டால் இரண்டு பக்கத்துக்குக் கட்டுரை எழுதி விடுவோம்! ஆனால் அந்தக் குழந்தைக்கு முன்னால் என் வாய் அடைத்துப் போயிற்று. ஏனென்றால் அதே கேள்விக்குப் பதினைந்து வருஷங்களுக்கு முன்பே நான் ஒரு பதில் சொல்லியிருந்தேன். வாயால் அல்ல, கையால். அந்தப் பதிலின் பலன் யார் தலையில் விடிந்தது என்பது, அன்று சாயங்காலம்தான் எனக்குத் தெரிய வந்தது.

"அம்மா வரட்டும், கண்ணு. அவளையே கேட்டு விடலாம்" என்று சொல்லித் தப்பித்துக் கொண்டேன்.

அவள் வருவதற்குள் பழைய கதையைச் சொல்லி விடுகிறேன்.

* * *

என் அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். நீங்கள் வீட்டில் குழந்தைக்குப் போட்டு விடுகிற பனியன் இருக்கிறதே, அது பிறக்கும் இடம் ஒரு நீள மேஜை. மேஜை மேல் துணியை அடுக்கடுக்காக விரிப்பார்கள். அதன்மேல் 'பேட்டர்ன்' என்கிற பழுப்பு அட்டையை வைத்து, ஓரத்தை ஒட்டிச் சாக்கட்டியால் கோடு போடுவார்கள். கழுத்து வளைவு, கை வளைவு எல்லாம் ஒரே இழுப்பு. அப்பா கோடு போடுவதைப் பார்த்தால் ஏதோ வெண்ணெயில் விரல் ஓடுகிற மாதிரி இருக்கும்.

"சாக்குல போட்ட கோட்டைத் தட்டுனா அழிஞ்சு போயிரும், கண்ணு. கத்திரி போட்டுட்டா அழிக்க முடியாது. அதனால வெட்டறதுக்கு முன்னால ஒருக்கா நல்லாப் பாரு" என்பார் அப்பா.

அந்தப் புத்திமதி எனக்கு அப்போது துணியைப் பற்றிய சமாசாரமாகவே தோன்றியது.

அப்பாவின் சட்டைப் பையில் மிச்சமாகிற வெள்ளை, நீல, மஞ்சள் சாக்கட்டித் துண்டுகள்தான் என்னுடைய முதல் சித்திரச் சாமான்கள். பேஸ்டல் என்பதும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். வர்ணப் பொடியோடு சுண்ணப் பொடியையும் துளி கோந்தையும் சேர்த்துப் பிசைந்து, உருட்டிக் காய வைத்தால் பேஸ்டல் கட்டி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது எண்ணெயும் மெழுகும் கலந்த வேறு ஜாதி. அதை ஜப்பானில் சகுரா என்ற கம்பெனி 1925-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. திருப்பூரில் முதல் பனியன் தொழிற்கூடம் எப்போது வந்தது என்று ஊரில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களும் குலாம் காதர் பெயரைச் சொல்லி, அதே 1925-ஐத்தான் சொல்வார்கள். ஆக, என் குழந்தைப் பருவத்தை ஆண்ட இரண்டு வஸ்துக்களும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள்!

வர்ணத்துக்கு எங்கள் ஊரில் பஞ்சமே கிடையாது. நொய்யல் ஆறு ஒரு நாள் சிவப்பாக ஓடும், மறுநாள் கருநீலமாக ஓடும். இந்த வாரம் எந்த நிறத்துக்கு வெளிநாட்டில் கிராக்கி என்பதைப் பாலத்தின் மேல் நின்றே நாங்கள் தெரிந்து கொள்வோம். அது விளையாட்டல்ல, ஆற்றையும் வயலையும் கிணற்றையும் கெடுத்த விஷம் என்பது வளர்ந்த பிறகு புரிந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டபோது ஊரே திகைத்து நின்றது. சாய நீரைச் சுத்திகரித்து, ஒரு சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்ற விதி கறாராக அமலுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

வர்ணம் அழகானது மட்டுமல்ல, கவனிக்காமல் விட்டால் மனிதர்களைப் படாதபாடு படுத்தி விடும் என்பதை ஆற்றைப் பார்த்துத் தெரிந்து கொண்ட நான், ஒரு வர்ணக் கட்டியைப் பார்த்துத் தெரிந்து கொள்ளவில்லை.

* * *

என் சிநேகிதி நல்ல கறுப்பு. அவளும் நானும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே கல்லூரி. கல்லூரியில் கடைசி வருஷ ஆண்டு விழா நாடகத்தில் அவள் கண்ணகி வேஷம் போட்டாள். தலைவிரி கோலமாக, ஒற்றைச் சிலம்பை உயர்த்திக் கொண்டு அவள் மேடைக்கு வந்து நின்றபோது, கடைசி வரிசையில் கடலை கொறித்துக் கொண்டிருந்தவர்கள்கூட வாயை மூடிக் கொண்டார்கள்.

அந்தக் கோலத்தில் அவளை நான் பேஸ்டலில் வரைந்தேன். இரண்டு ராத்திரி கண் விழித்தேன். கண், கூந்தல், சிலம்பு எல்லாம் அமைந்து விட்டன. முகத்துக்கு வர்ணம் போட வேண்டிய கட்டம் வந்தது. பெட்டியைத் திறந்து, எந்த யோசனையும் இல்லாமல், ரோஜாவுக்கும் சந்தனத்துக்கும் நடுவிலுள்ள இளஞ்சிவப்புக் கட்டியை எடுத்தேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து நாங்கள் எல்லாரும் 'ஸ்கின் கலர்' என்று சொல்லிப் பழகிய கட்டி அதுதான்.

அமெரிக்காவில் கிரயோலா கம்பெனிகூட அந்த நிறத்துக்கு 'மேனி நிறம்' என்று அர்த்தப்படும் பெயரையே வைத்திருந்தது. எல்லார் மேனியும் அந்த நிறமா என்ன? 1962-ல் அந்தப் பெயரை எடுத்து விட்டு ஒரு பழத்தின் பெயரை வைத்தார்கள். பெயர் அங்கே மாறி அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் எங்கள் தெருப் பிள்ளைகள் வாயில் இன்னும் மாறவில்லை!

சத்தியமாகச் சொல்கிறேன், அவளுக்கு ஒரு நல்ல காரியம் செய்வதாகவே நான் நினைத்தேன். படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் "பிரமாதம்!" என்றார்கள். அவள் அம்மா உடனே சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். அவள் மட்டும் சற்று நேரம் பார்த்து விட்டு, "நல்லாருக்குது புள்ள" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குச் சித்திர ரசனை போதாது என்று நான் முடிவு செய்தேன்.

அதன் பிறகு நான் சென்னைக்கு வந்து பத்திரிகையில் சேர்ந்தேன். அவள் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தாள். கல்யாணம் ஆயிற்று, குழந்தை பிறந்தது. தீபாவளிக்குத் தீபாவளி பார்த்துக் கொள்வோம். கூடத்தில் அந்தப் படம் இல்லாததை ஒரு தடவை கவனித்தேன். வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது எடுத்திருப்பார்கள் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக் கொண்டேன்.

* * *

படம் வரையத் தெரிந்தவள் என்று ஆபீஸில் என்றைக்கோ வாய் விட்டு விட்டேன். அன்று முதல் ஊரில் எந்தச் சித்திரக் கண்காட்சி நடந்தாலும், "நீ போயிட்டு வந்துடும்மா" என்று ஆசிரியர் என்னையே அனுப்புவார். எழுத வேண்டுமே என்ற பயத்தில் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பேஸ்டலை விரும்பிக் கையில் எடுத்தவர்களில் பலர் ஆடுகிறவர்களையும் பாடுகிறவர்களையும் தங்கள் சிநேகிதர்களையும்தான் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார்கள்!

வெனிஸ் நகரத்து ரோசால்பா காரியேரா அம்மையார் 1673-ல் பிறந்தவர். தாயார் லேஸ் பின்னுகிறவர். மகள் பேஸ்டல் கட்டியைக் கையில் எடுத்தார். 1720-ல் பாரிஸுக்குப் போனார், நகரமே அவர் வாசலில் வந்து நின்றது. ஃபாஸ்டினா போர்டோனி என்ற இசை நாடகப் பாடகியையும், பார்பரா கம்பானினி என்ற நாட்டியக்காரியையும் அவர் வரைந்த படங்கள் ஜெர்மனியில் டிரெஸ்டன் சித்திர சாலையில் இருக்கின்றன. எண்ணெய் வர்ணம் நாளாக ஆக மஞ்சள் பூத்துப் போகும். பேஸ்டலில் எண்ணெய் இல்லாததால் அந்த முகங்கள் கிட்டத்தட்ட முந்நூறு வருஷம் கழித்தும் நேற்றுப் பவுடர் போட்ட மாதிரி இருக்கின்றன. ஒன்றே ஒன்று, தொடக் கூடாது. தொட்டால் வர்ணம் விரலோடு வந்து விடும்.

பிறகு பிரான்ஸ் தேசத்து எட்கார் டேகா. திருப்பூர்க்காரர்கள் இந்த மனிதரைத் தங்கள் சொந்தக்காரராகவே கொண்டாடலாம். இவருடைய தாய்மாமனுக்கு அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பருத்தி வியாபாரம். 1872-ல் அங்கே போன டேகா, மறு வருஷம் அந்தப் பருத்தி ஆபீஸை எண்ணெய் வர்ணத்தில் வரைந்தார். முன்னால் மாமன் நாற்காலியில் உட்கார்ந்து பஞ்சை விரலால் இழுத்துப் பார்க்கிறார். ஒரு தம்பி பேப்பர் படிக்கிறார். இன்னொரு தம்பி ஜன்னலில் சாய்ந்து கொண்டிருக்கிறார். அந்த வருஷமே மாமன் கம்பெனி மூடப்பட்டது என்பது வேறு கதை. இந்தப் படத்தை என் அப்பாவுக்குக் காட்டினேன். அவர் சித்திரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பஞ்சை இழுத்துப் பாக்கறாரு பாரு, தொழில் தெரிஞ்ச ஆளு" என்றார்.

டேகா பாரிஸுக்குத் திரும்பி நாட்டியக்காரிகளையும் பாடகிகளையும் பேஸ்டலில் வரைந்து தள்ளினார். கறுப்புக் கையுறை போட்ட கையை உயர்த்திப் பாடுகிற ஒரு பெண்ணின் படம் இருக்கிறது. மேடை விளக்கு கீழேயிருந்து அடிக்கிறது. வாய் திறந்திருக்கிறது. அழகாகக் காட்ட வேண்டும் என்ற கவலையே அந்தப் படத்தில் கிடையாது. ஆனால் அந்தப் பாட்டு நம் காதில் விழுகிற மாதிரி இருக்கும்! 1879-ல் தம்முடைய இரண்டு நண்பர்களை மேடையின் பக்கவாட்டில் நிற்க வைத்து வரைந்தார். நீளத் தொப்பியும் கறுப்புக் கோட்டுமாக இருவர் பேசிக் கொண்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் லுடோவிக் ஆலேவி, நாடக ஆசிரியர். மேடையில் நடப்பது படத்தில் தெரியவில்லை. நண்பர்களின் களைத்த முகம் மட்டும் தெரிகிறது.

இந்த டேகாவின் பேஸ்டல்களை ஒரு கடை ஜன்னலில் கண்டு, கண்ணாடியில் மூக்கை அழுத்திக் கொண்டு பார்த்தவர் அமெரிக்கப் பெண்மணி மேரி கசாட். பின்னால் டேகாவுக்கே சிநேகிதியாகி, தாயும் குழந்தையுமாக அவர் வரைந்த பேஸ்டல் படங்கள் உலகப் பிரசித்தம்.

நம் பக்கமும் சளைத்ததல்ல. 1930-களில் விகடனில் மாலி சங்கீத வித்வான்களைச் சில கோடுகளில் பிடித்துப் போட்டார். 1950-களின் கடைசியில் தில்லானா மோகனாம்பாள் தொடருக்குக் கோபுலு போட்ட படங்களை நம் பாட்டிமார் கத்தரித்து, தைத்து வைத்திருந்தார்கள். வங்காளத்து ஜோகன் சௌத்ரி பாரிஸில் படித்து விட்டு வந்து, 1968 முதல் 1972 வரை சென்னையில் கைத்தறித் துணிகளுக்கு டிசைன் போட்டுக் கொண்டிருந்தவர். மையும் பேஸ்டலும் கலந்து அவர் வரைகிற மனிதர்களுக்குத் தோல் சுருங்கும், சதை தொங்கும், வியர்வை தெரியும். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்த எஸ். இளையராஜா, நம் வீட்டு அடுப்படியிலும் வாசலிலும் நிற்கிற கறுத்த பெண்களின் மேல் வெயில் விழுவதை எண்ணெய் வர்ணத்தில் வரைந்து, அவர்களின் அழகை நமக்கே காட்டிக் கொடுத்தார். 2021 ஜூனில் கொரோனா அவரை இளம் வயதிலேயே கொண்டு போய் விட்டது.

ஏன் கலைஞர்களையும் சிநேகிதர்களையும் பேஸ்டலில் வரைகிறார்கள்? ஒரு காரணம் சுலபமாகப் புரிந்தது. ஆடுகிறவள் அசையாமல் நிற்க மாட்டாள். சிநேகிதி நமக்காக நாள் கணக்கில் உட்கார மாட்டாள். பேஸ்டலுக்குத் தண்ணீர் வேண்டாம், தூரிகை வேண்டாம், காய வேண்டியதில்லை. பார்த்த மாத்திரத்தில் போட்டு விடலாம்.

இன்னொரு காரணம் அவ்வளவு சுகமானதல்ல. இந்த இரண்டு பேர் விஷயத்தில்தான் பொய் சொல்லி விடுவது சுலபம். நடிக்கிறவள் தனக்குத் தானே ஒரு முகம் போட்டுக் கொள்கிறாள். சிநேகிதிக்கோ, அன்பினாலேயே நாம் ஒரு முகம் போட்டு விடுகிறோம். அதைக் கலைத்து விட்டு உள்ளே இருப்பவளைப் பார்ப்பதுதான் கஷ்டம். டேகா அதைச் செய்தார். நான் செய்யவில்லை.

இத்தனையும் நான் எழுதிய கட்டுரைகளில் வந்தன. கண்ணகிப் படம் மட்டும் எதிலும் வரவில்லை.

* * *

மறுபடியும் பொங்கல் நாளுக்கு வருகிறேன். சிநேகிதி கையைத் துடைத்துக் கொண்டே வந்தாள். மகள் கேள்வியைத் திரும்பக் கேட்டாள்.

"ஸ்கின் கலரா? யாரோட ஸ்கின்னு?" என்று சிரித்தாள் அவள். "போயி அப்பத்தாளுக்குக் கரும்பு வெட்டிக் குடுத்துட்டு வா. அப்பறம் சொல்றேன்."

குழந்தை போனதும் நான் சாதாரணமாகக் கேட்பது போல, "நான் வரைஞ்ச படம் எங்கடி?" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு புடைவையைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னாள்.

"நீ மெட்ராஸ் போன மறு வருசம் என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்க புள்ள. கூடத்துல உக்காந்து அந்தப் படத்தையே பாத்துட்டு இருந்திருக்காங்க. காபி கொண்டுக்கிட்டு நான் வந்தேன். அந்தம்மா படத்தைப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க. 'படத்துல நல்ல கலராத் தெரியுதே, அது தங்கச்சியா?'ன்னு கேட்டாங்க."

எனக்குக் காது அடைத்து விட்டது.

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? பலகாரம் சாப்பிட்டுட்டுப் போயிட்டாங்க. அம்மா அன்னிக்கு ராத்திரி அழுதாங்க. காலைல நான்தான் ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தைக் கழட்டுனேன். அது கெடக்குது, விடு. அந்த எடம் அமையாததும் நல்லதுதான். இவரு என்ற கலரைப் பத்தி இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை பேசுனதில்லை."

"எங்கிட்ட ஏன்டி சொல்லலை?"

"ரெண்டு ராத்திரி முழிச்சிருந்து வரைஞ்சவளுக்கிட்ட என்னன்னு சொல்றது?"

அப்பா சொன்னது அப்போது ஞாபகத்துக்கு வந்தது. கத்திரி போடுவதற்கு முன்னால் ஒருமுறை நன்றாகப் பார். நான் பார்க்காமலே போட்டிருக்கிறேன்!

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையை உயர்த்தித் தடுத்து விட்டாள். "கம்பெனி தொறந்ததும் ஒரு நாளைக்கு என்ற டிபார்ட்மெண்டுக்கு வா. ஒண்ணு காட்டறேன்" என்றாள்.

* * *

அவளுடைய உத்தியோகம் ஷேடு பார்ப்பது. வெளிநாட்டுக்காரர் ஒரு துண்டுத் துணியை அனுப்பி, இதே நிறம் வேண்டும் என்பார். சாயப்பட்டறையில் முதலில் சின்னத் துண்டில் சாயம் ஏற்றி அனுப்புவார்கள். அதற்கு 'லேப் டிப்' என்று பெயர். இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவள் இவள்.

அறையின் மூலையில் ஒரு பெட்டி. அலமாரி அளவு, உள்ளே முழுக்கச் சாம்பல் நிறம். இரண்டு துண்டுத் துணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன கலரு?"

"பழுப்பு. ரெண்டும் ஒண்ணுதான்."

"இது பகல் வெளிச்சம்" என்று சொல்லி ஒரு பொத்தானை அழுத்தினாள். "இது கடைல எரியற லைட்டு."

ஒரு துண்டு அப்படியே இருந்தது. மற்றது லேசாகப் பச்சை பாய்ந்து விட்டது! இன்னொரு பொத்தான். "இது நம்ம பழைய குண்டு பல்பு." அதே துண்டு இப்போது சிவந்து நின்றது.

"பாத்தியா? ஒரு லைட்டுல மட்டும் பாத்துட்டு 'ஓகே' போட்டா, கப்பல் ஏறுன சரக்கு அப்படியே திரும்பி வரும். மூணு லைட்டுலயும் சரியா இருந்தாத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்றவள், துணியை மடித்துக் கொண்டே, "நீ என்னைய லைட்டே இல்லாமப் பாத்துப்புட்டே புள்ள" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. வேலையில் ஒரு தப்பைச் சுட்டிக் காட்டுகிற மாதிரிதான் சொன்னாள். அதனால்தான் எனக்கு உறைத்தது. பாரிஸையும் வெனிஸையும் படித்து நான் தெரிந்து கொண்டதை, அவள் பனியன் துணியை வைத்துத் தினமும் செய்து கொண்டிருக்கிறாள்.

* * *

ஆபீஸுக்குத் தகவல் சொல்லி லீவை நீட்டித்தேன். தைப்பூசத்துக்குக் கோயில் மைதானத்தில் வள்ளி கும்மி அரங்கேற்றம். அதற்கு ராத்திரிதோறும் ஒத்திகை. முருகன் வள்ளியைக் கல்யாணம் செய்த கதையைப் பாடிக் கொண்டே வட்டமாக ஆடுகிற ஆட்டம். ஒரு காலத்தில் இதில் ஆண்கள்தான் ஆடினார்கள். இதைப் பெண்களுக்கும் கற்றுக் கொடுத்த கோவைப் பக்கத்து ஆசான் பத்திரப்பன் அவர்களுக்கு 2024-ல் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். இப்போது கொங்கு நாட்டில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அறுபது, எழுபது பெண்கள் ஒரே நிறச் சேலையில் கும்மி அடிக்கிறார்கள். பகலெல்லாம் டெய்லராகவும் செக்கிங்கிலும் நின்று கால் கடுத்தவர்கள்தான் பலரும். சலங்கையைக் கட்டியதும் அந்தக் கால்களுக்கு எங்கிருந்து பலம் வருகிறதோ!

சிநேகிதியும் அதில் ஒருத்தி. நான் அப்பாவிடம் ஒரு பழைய பேட்டர்ன் அட்டையைக் கேட்டு வாங்கிக் கொண்டு, மிருதுவான பேஸ்டல் பெட்டியோடு ஓரத்தில் உட்கார்ந்தேன். வெள்ளைத் தாள் வேண்டாமென்று முன்பே தீர்மானித்திருந்தேன். வெள்ளைத் தாளில் ஆரம்பித்தால் கை தானாக வெளுப்பைத் தேடிப் போகிறது. பழுப்பு அட்டையில் ஆரம்பித்தால் பாதி முகம் முன்பே அங்கே இருக்கிறது.

ஆடும்போது நான் அவளை வரையவில்லை. ஆட்டம் நின்று, அவள் கோயில் படியில் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துக் கழுத்து வியர்வையைத் துடைத்துக் கொண்டு மூச்சு வாங்கினாளே, அந்தச் சமயத்தில் வரைய ஆரம்பித்தேன்.

வாசகிகளே, கறுப்பு என்று ஒரு வார்த்தையில் சொல்லி விடுகிறோமே, அது எத்தனை நிறம் தெரியுமா? மைதானத்து விளக்கு அடித்த நெற்றியில் வெளிர் நீலம். கன்னத்து மேட்டில் செம்மண். கண்ணுக்குக் கீழே நாவற்பழம். தாடையின் அடியில், சேலையின் பச்சை ஏறி ஒரு பாசி நிறம். மூக்கு நுனியில் வியர்வை மட்டும் ஒரு புள்ளி வெள்ளை. இருபது நிமிஷத்தில் என் பெட்டியில் பாதிக் கட்டிகள் கரைந்து போயின. கண்ணுக்கடியில் களைப்பு இருந்தது, அதைப் போட்டேன். உதட்டோரத்தில் ஒரு பிடிவாதம் இருந்தது, அதையும் போட்டேன். பதினைந்து வருஷத்துக்கு முன் கண்ணகியை ஆட வைத்தது அந்தப் பிடிவாதம்தான். அன்று அது என் கண்ணில் படவே இல்லை.

படத்தை அவள் கையில் கொடுத்தேன். கல்லூரியில் பரீட்சைத் தாளை நீட்டியபோதுகூட எனக்கு இப்படி அடித்துக் கொண்டதில்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் மைதானத்து விளக்கின் கீழ்ப் பிடித்துப் பார்த்தாள். பிறகு கோயில் மண்டபத்து மஞ்சள் பல்பின் கீழ் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்து விட்டது. அவளோ சிரிக்கவில்லை. "காலைல வெயில்ல பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, படத்தின் மேல் கை படாமல் ஓரத்தைப் பிடித்து, கோயில் பிரசாதம் மாதிரி வீட்டுக்குக் கொண்டு போனாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு டெலிபோன்.

"மூணு லைட்டுலயும் நான்தான் தெரியறேன். அப்ரூவ்டு! ஆனா மூக்குத்தியை மறந்துட்டியே, புள்ள?"

உண்மைதான், மறந்து விட்டேன்! ஓடிப் போய் ஒரு மஞ்சள் புள்ளி வைத்து விட்டு வந்தேன். உடனே கண்ணாடிச் சட்டம் போட்டு விடச் சொன்னேன். பேஸ்டலுக்கு ஈரமும் ஆகாது, உரசலும் ஆகாது.

அன்று பீரோ மேலிருந்து அவள் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். உள்ளே பழைய கண்ணகி. சட்டம் கழன்று, கன்னத்து இளஞ்சிவப்பு பாதி உரசிப் போயிருந்தது.

"இதைக் குடுடி, கிழிச்சுப் போட்டுடறேன்" என்றேன்.

"அதெல்லாம் முடியாது. கீழே உன்ற கையெழுத்து இருக்குது" என்று சொல்லி, மறுபடியும் பையில் போட்டுப் பீரோ மேலேயே வைத்து விட்டாள்.

ஊருக்குப் புறப்படுகிற அன்று, குழந்தை தான் முடித்த படத்தைக் கொண்டு வந்து காட்டினாள். அம்மா கும்மி ஆடுகிறாள். முகத்துக்குப் பழுப்பு, ஊதா, அரக்கு, நீலம் எல்லாம் போட்டிருந்தது. மூக்கு இன்னமும் இடது பக்கம்தான். ஆனால் உயர்த்தித் தட்டுகிற இரண்டு உள்ளங்கைகளுக்கும் அந்த இளஞ்சிவப்புக் கட்டியைப் போட்டிருந்தாள்.

"இது ஏன் கண்ணு இந்தக் கலர்?" என்று கேட்டேன்.

"அம்மா கையைப் பாருங்க, சித்தி" என்றாள் குழந்தை.

பார்த்தேன். அந்த நிறமாகத்தான் இருந்தது.